காட்டின் விளிம்பில் ஒரு திணைமயக்கம்

பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமங்களில் ஒருவர் 'காட்டுக்குப் போய்விட்டு வருகிறேன்' என்றால், அவர் சோளமோ கடலையோ விதைத்த மானாவாரி நிலத்துக்குப் போகிறார் என்று பொருள். கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். வானம் பார்த்தது காடு. அதே பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறையை அடைந்தால், அங்கே தேயிலை நிற்கும் சரிவும் பேச்சு வழக்கில் 'தேயிலைக் காடு' ஆகிவிடுகிறது. உண்மையான மழைக்காடு எஞ்சியிருக்கும் துண்டுகளைச் சோலை என்கிறார்கள். மொழி இவ்வாறு தாராளமாக ஒரு சொல்லைப் பல நிலங்களுக்கும் பகிர்ந்தளித்துவிட்டது. பறவைகள் அவ்வளவு தாராளம் காட்டுவதில்லை. சோலையும் தேயிலையும் காப்பியும் தேக்கும் தென்னையும் அருகருகே நிற்கும் ஆனைமலையில், எந்தப் பறவை எந்த எல்லையில் நின்றுவிடுகிறது, எது கடந்து வருகிறது என்பதைக் கொண்டே அந்த மலையின் கடந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றை ஓரளவு படித்துவிடலாம் என்று நாம் கருதுகிறோம்.

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம் ஆகியவற்றோடு புள்ளையும் சேர்த்து எண்ணினார். அத்தோடு நிற்காமல், ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்திலும் பொழுதிலும் அன்றி வேறு நிலத்தில் வந்து காணப்பட்டால், அவற்றை வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளலாம் என்று அகத்திணையியலில் ஒரு நூற்பாவும் செய்தார். திணைமயக்கம் பற்றிய பாடத்தில் இந்நூற்பாவைப் பல ஆண்டுகள் நடத்தியிருக்கிறோம். அப்போதெல்லாம் இதைப் புலவர்க்கு அளித்த சலுகையாகவே விளக்கி வந்தோம். மாணவர்களோடு வால்பாறைக்கு ஒரு மார்கழியில் சென்று வந்த பிறகுதான், வராத புள்ளைப் பற்றி நூற்பா ஒன்றும் சொல்லவில்லையே என்ற எண்ணம் எழுந்தது.

ஆனைமலையைப் பற்றிய ஆங்கிலேயர் ஆவணங்களில் முதலில் மிகுதியாக வருவது தேக்கு. பம்பாய்க் கப்பல் கட்டும் துறைக்குத் தேக்கு வேண்டியிருந்தது. 1848 முதல் லெப்டினன்ட் ஜேம்ஸ் மைக்கேல் இங்கே மரம் வெட்டும் பணியை மேற்பார்த்தார்; அவருக்குப் பின் டக்ளஸ் ஹாமில்டன் வந்தார். சென்னை மாகாணத்தின் வனக் காப்பாளராக 1856-இல் பொறுப்பேற்ற ஹ்யூ கிளெக்ஹார்ன், 1861-இல் வெளியிட்ட தம் நூலில் ஆனைமலைக்குத் தனியிடம் அளித்தார். வெட்டிய மரங்களை மலையின் விளிம்பிலிருந்து கீழே சரியவிட்ட இடமே டாப்ஸ்லிப் என்று பெயர் பெற்றது. வெட்டி வெட்டித் தேக்கு அருகிப்போன நிலையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. தேக்கை மீண்டும் வளர்த்தவர் என்று போற்றப்படுகிறார். கைத்தடியால் மண்ணில் துளையிட்டு, பையிலிருந்து விதையை எடுத்துப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று ஒரு கதையும் வழங்குகிறது. 1933-இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்ஸ்லிப்புக்கு அருகில் உள்ளது. என் நினைவுச் சின்னத்தைக் காண விரும்பினால் சுற்றிலும் பார் என்ற பொருளுடைய இலத்தீன் வாசகம் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

சுற்றிலும் பார்த்தால் தேக்குதான். ஆனைமலையின் வறண்ட சரிவுகளுக்குத் தேக்கு அயல் மரம் அன்று. இலையுதிர் காட்டில் பிற மரங்களோடு கலந்து நிற்கும் மண்ணின் மரமே. வேறுபாடு கலப்பில் இருக்கிறது. நட்டு வளர்த்த தேக்கு ஒரே வயதில், ஒரே உயரத்தில், இடைவெளி அளந்து நிற்கும். மூப்படைவதற்கு முன்பே வெட்டப்படும் ஆதலால் பட்டுப்போன கிளையும் உளுத்த நடுமரமும் அதில் அரிது. மரங்கொத்தி துளையிடுவது அப்படிப்பட்ட மரத்தில்தான். அது கைவிட்ட பொந்தில்தான் கிளியும் மைனாவும் சிறு ஆந்தையும் பிறகு குடியேறும். கோடையில் தேக்கு மொத்தமாக இலையுதிர்க்கும்போது நிழல் என்பதே இல்லாமல் போகிறது. பறவைகள் அங்கே வராமல் இல்லை. கடந்து செல்லும் பறவைகள் நிறைய. தங்கி வாழ்பவை குறைவு. வுட் செய்த காரியத்தைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. வெட்டுவதை மட்டுமே அறிந்திருந்த ஒரு காலத்தில் நடவும் வேண்டும் என்று எண்ணியவர் அவர். ஆயினும் அவர் நட்டது மரத்தை.

தேக்குக்கு மேலே, மழை மிகுந்த பீடபூமியில் நடந்தது வேறு. 1890-களின் இறுதியில் கார்வர் மார்ஷ் முதலிய தோட்டக்காரர்கள் வால்பாறைப் பகுதியில் இறங்கினர். முதலில் காப்பி, பிறகு பெருமளவில் தேயிலை. மழைக்காட்டை வெட்டி, எரித்து, கன்று நட்டனர். ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்தப் பீடபூமி சில பத்தாண்டுகளில் தோட்டமாகிவிட்டது. மார்ஷுக்கு மலைப்பாதையில் சிலை உண்டு. பாதை அமைத்த பொறியாளர் லோமின் பெயரில் ஒன்பதாம் வளைவில் ஒரு காட்சிமுனையும் உண்டு. வெட்டியவர்களுக்கு எதுவும் இல்லை. அவர்கள் கங்காணிகளால் சமவெளியிலிருந்து அழைத்து வரப்பட்டு, மலேரியாவிலும் குளிரிலும் மாண்ட தமிழர்கள். அவர்களுக்கு வாய்த்த நினைவுச் சின்னம் ஒரு நாவல்: ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் 1969-இல் வெளியிட்ட 'ரெட் டீ'. இரா. முருகவேளின் தமிழாக்கமான 'எரியும் பனிக்காடு' இவ்விதழ் வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லாதது. அந்நூலை நாம் இரண்டாம் முறை படித்தது மனிதர்களுக்காக அன்று, காட்டுக்காக. அப்படியும் ஒரு நூலைப் படிக்கலாம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

மனிதர்களுக்கேனும் ஒரு டேனியல் இருந்தார். காடழிந்தபோது இருந்த பறவைகளுக்குச் சாட்சி மிகக் குறைவு. அக்காலத்துத் துரைமார் எழுதியவற்றில் பெரும்பகுதி வேட்டை: யானை, காட்டெருமை, புலி, வரையாடு. ஹாமில்டனின் குறிப்புகள் 1892-இல் நூலானபோது அதன் தலைப்பே வேட்டையைத்தான் சொல்லியது. சாலிம் அலி 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை முறையாகக் கணக்கெடுத்தார். ஆனைமலையின் மறுசரிவில் உள்ள பரம்பிக்குளம் பகுதியில் குரியார்குட்டியில் தங்கிப் பணியாற்றினார். அவர் வந்தபோது இந்தப் பக்கம் தேயிலை ஒரு தலைமுறை கண்டுவிட்டது. ஆக, வால்பாறைப் பீடபூமியில் இழந்தது எது என்று அறிய நமக்கு ஏட்டுச் சான்று போதாது. வேறு வழியில் தேட வேண்டும். சரிவு மிகுந்தும் பாறை மிகுந்தும் இருந்ததால் விட்டுவைத்தவை, ஓடைக் கரைகள், விறகுக்கென ஒதுக்கியவை என்று நாற்பதுக்கும் மேற்பட்ட சோலைத் துண்டுகள் தேயிலைக்கு நடுவே தீவுகளாக நிற்கின்றன. சில ஓர் ஏக்கர் அளவு. சில நூற்றுக்கணக்கான ஏக்கர். அவையே ஆவணக் காப்பகம்.

அந்தக் காப்பகத்தைப் படிப்பதற்கு மழைக்காட்டின் அமைப்பைச் சற்றே அறிய வேண்டும். அது மாடி வீடு போன்றது. வெடிப்பலா, நாங்கு, குங்கிலியம், நாவல் முதலிய பெருமரங்களின் விதானம் மேல்தளம்; அதற்குக் கீழே நடுத்தர மரங்களும் கொடிகளும்; அடியில் இருளும் ஈரமும் நிறைந்த புதர்த்தளமும் சருகும். ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிக் குடியினர். விளிம்பில் இந்த மாடி வீட்டின் ஒரு பக்கச் சுவர் இடிந்துவிடுகிறது. வெயிலும் காற்றும் பக்கவாட்டில் நுழைகின்றன. சருகு உலர்கிறது, சருகில் வாழும் பூச்சி குறைகிறது. காற்றுக்குப் பழகாத பெருமரங்கள் விழுகின்றன. விழுந்த இடத்தில் உண்ணிச்செடி படர்கிறது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரொபஸ்டா காப்பி விதைகள் விலங்குகளின் வயிறு வழியாக உள்ளே வந்து முளைத்து, அடித்தளத்தையே காப்பிக் காடாக மாற்றிவிடுகின்றன.

இதன் விளைவை முதலில் உணர்வது அடித்தளத்துப் பறவைகள். தரையோரம் தாவிப் பூச்சி பொறுக்கும் சிலம்பன்கள், நிழலில் அசையாமல் அமர்ந்திருக்கும் தீக்காக்கை போன்றவை வெட்டவெளியைக் கடக்கத் தயங்குபவை. தேயிலைச் சரிவின் அகலம் முந்நூறு அடிதான் என்றாலும் அவற்றுக்கு அது கடல். மழைக்காட்டில் பல இனப் பறவைகள் ஒன்றாகக் கூடி இரை தேடித் திரிவதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்: துடுப்புவால் கரிச்சான் காவல்காரனைப் போல் முன்னும் பின்னும் பறக்க, சிலம்பன்களும் ஈப்பிடிப்பான்களும் மரங்கொத்தியும் ஒரே ஊர்வலமாகச் செல்லும். ஒன்று கிளப்பிய பூச்சியை மற்றொன்று பிடிக்கும். பருந்து வந்தால் ஒன்றின் கூவல் அனைத்துக்கும் எச்சரிக்கை. சோலை சிறுத்து உருக்குலையும்போது இந்த ஊர்வலமும் சிறுத்துப் போகிறது, அதில் சேரும் இனங்களும் மாறிவிடுகின்றன.

அதே விளிம்பில் புதியவர்கள் வருகிறார்கள். செம்மீசைக் கொண்டைக்குருவி, மைனா, தையல்சிட்டு, காகம். தேயிலை வரிசைகளில் கருப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு கூவுகிறது. குளிர்காலத்தில் சாலையோர ஓடைகளில் வாலாட்டி இறங்குகிறது. இவை யாவும் அழகிய பறவைகளே. நம் மாணவர்கள் முதல் நாள் மகிழ்ந்து குறித்துக்கொண்டவையும் இவைதான். இங்கேதான் எண்ணிக்கை நம்மை ஏமாற்றுகிறது. விளிம்பில் நின்று எண்ணினால் பறவை இனங்களின் தொகை குறையாமலும் இருக்கலாம், சில இடங்களில் கூடவும் கூடும். காட்டுப் பறவை இரண்டு போய், ஊர்ப்பறவை மூன்று வந்தால் கணக்கில் ஒன்று கூடுதல். ஆனால் வந்த மூன்றும் பொள்ளாச்சிப் பேருந்து நிலையத்திலும் கிடைப்பவை. போன இரண்டும் மேற்குமலைத் தொடருக்கு வெளியே உலகில் எங்கும் கிடைக்காதவையாக இருக்கக்கூடும். 'எத்தனை' என்ற கேள்வியோடு 'எவை' என்பதையும் கேட்டாக வேண்டும்.

டி. ஆர். சங்கர் ராமன் இம்மலைத் துண்டுகளிலும் நிழல் தோட்டங்களிலும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் கேட்டது. தோட்டம் என்று எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது என்பது அவ்வகை ஆய்வுகளால் தெளிவாயிற்று. இயற்கை விதானத்தைப் பெரிதும் விட்டுவைத்து அடியில் ஏலம் பயிரிட்ட இடத்தில் காட்டுப் பறவைகள் கணிசமாக நீடிக்கின்றன. நாட்டு மரங்களின் நிழலில் வளர்ந்த காப்பி அதற்கு அடுத்த நிலை. வெயிலில் கிடக்கும் தேயிலை கடைசி. அருகில் நல்ல சோலை இருக்கிறதா என்பதும் முடிவைப் பெரிதும் மாற்றுகிறது. தேயிலைக்கும் நிழல் மரம் உண்டு என்பார்கள். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். கிளைகளை அவ்வப்போது கழித்துவிடுவதால் நட்டு வைத்த கம்பத்துக்கும் அதற்கும் வேறுபாடு சொல்லக் கடினம். தேயிலைத் தொழிற்சாலை அடுப்புக்கென வளர்த்த யூக்கலிப்டஸ் தோப்பும் தூரத்திலிருந்து பார்க்கக் காடு போலவே தோன்றும். உள்ளே சென்று நின்றால் காற்றின் ஒலியே பெரிதாகக் கேட்கும்.

காப்பித் தோட்டங்களில் ஆல், அத்தி, பலா, நாவல் என்று நின்ற பழைய நிழல் மரங்கள் போய், அவ்விடத்தில் சில்வர் ஓக் வரிசை வருவதைப் பற்றித் தோட்டத்தில் ஓய்வுபெற்ற ஒரு மூதாட்டி எங்களிடம் சொன்னார். அவர் லைன் வீட்டு வாசலில் அமர்ந்து எதிர்மேட்டைக் காட்டிப் பேசினார். "அந்த மேட்டுல பெரிய ஆலமரம் ஒண்ணு நின்னுச்சு சார். பழம் பழுத்தா இருவாச்சி வந்து எறங்கும். றெக்கைச் சத்தம் இங்க வரைக்கும் கேக்கும். மரத்த வெட்டுனப்புறம் மேலயே பறந்து போயிருது, எறங்கறதில்ல." மரத்தை எந்த ஆண்டு வெட்டினார்கள் என்று கேட்டோம். "எம்மூத்த மக வயசுக்கு வந்த வருசம்" என்றார். நாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம். இது போன்ற காலக்கணக்கை மேற்கோளாகத் தருவதற்கு ஆய்வேடுகளில் இடமில்லை.

இருவாச்சியின் கதை தனியாகச் சொல்லத்தக்கது. தேயிலைக் கடல் அதற்குத் தடையன்று. பெரிய சிறகடித்துக் கடந்துவிடும். அதற்குத் தேவையானவை இரண்டே: ஆண்டின் வெவ்வேறு மாதங்களில் பழுக்கும் அத்தி வகை மரங்கள், பெரும் பொந்துள்ள முதிய மரம். பொந்துக்குள் புகுந்த பெட்டை வாயிலைச் சிறு பிளவு மட்டும் விட்டு அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளே இருக்க, சேவல் பழம் கொண்டு வந்து ஊட்டும். அந்தச் சேவல் ஒருநாள் திரும்பாவிட்டால் குடும்பமே முடிந்தது. காப்பித் தோட்டத்தில் நின்ற மரப்பொந்துகளிலும் இருவாச்சி கூடு வைப்பதை வால்பாறையில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, விட்டுவைத்த ஒற்றை முதுமரத்துக்கும் மதிப்பு உண்டு. இதில் ஒரு முரணும் இருக்கிறது. நிழலுக்கென ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட மீசாப்சிஸ் என்ற மரத்தின் பழத்தை இருவாச்சி விரும்பி உண்கிறது. உண்டு விதையைச் சோலைக்குள் கொண்டுபோய்ப் போடுகிறது. அயல் மரத்தைக் காட்டுக்குள் விதைக்கும் வேலையையும் காட்டின் தலைசிறந்த விதைப்பாளனே செய்கிறது.

விதைப்பாளன் என்று சொன்னது அலங்காரமன்று. குங்கிலியம் போன்ற பெருவிதை மரங்களின் கனியை விழுங்கிச் சுமந்து செல்ல இருவாச்சிக்கும் பெரிய காட்டுப்புறாக்களுக்குமே வாய் இடம் கொடுக்கும். கொண்டைக்குருவியால் சிறுவிதைகளையே கொண்டுசெல்ல முடியும். எனவே விளிம்பில் இருவாச்சி இறங்காமல் கொண்டைக்குருவி மட்டும் மிஞ்சினால், ஐம்பது ஆண்டு கழித்து அங்கே நிற்கப்போகும் மரங்களும் மாறிவிடும். பறவை மாறியதைப் பின்தொடர்ந்து காடும் மாறும். இன்று பச்சையாக நிற்கும் சோலைத் துண்டில் இனி முளைக்காத மரங்கள் எத்தனை என்பதைப் பார்வையால் அறிய முடியாது.

மலையடிவாரத்துக்கு இறங்கினால் காட்சி தலைகீழ். அங்கே கடலையும் பருத்தியும் சோளமும் இருந்த காடுகளைத் தென்னை பெருமளவில் கைக்கொண்டுவிட்டது. குறிஞ்சிக்குரிய மயில் இன்று கொங்கு நாட்டு வயல்களில் மந்தையாகத் திரிந்து நாற்றைக் கொத்துகிறது; உழவர்கள் நொந்துகொள்கிறார்கள். தொல்காப்பியர் சொன்னபடி அது வந்த நிலத்துக்குரியதாகிவிட்டது.

வால்பாறைக்கே திரும்புவோம். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர், தோட்ட நிறுவனங்களோடு உடன்பாடு செய்துகொண்டு, சிதைந்த சோலைத் துண்டுகளில் உண்ணிச்செடியை அகற்றி நாட்டு மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். பிரியங்கா ஹரிஹரனும் சங்கர் ராமனும் 2022-இல் வெளியிட்ட கட்டுரை, இவ்வாறு நட்டுச் சீரமைத்த இடங்களில் மழைக்காட்டுப் பறவைகள் திரும்புவது, தானே வளரட்டும் என்று விட்டுவிட்ட இடங்களைவிட மேலாக இருக்கிறது என்று காட்டியது. சிதைந்த நிலத்தை வேலியிட்டு ஒதுங்கினால் காடு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய திருத்தம்.

இந்தத் திருத்தம் வால்பாறையோடு நிற்கும் செய்தியன்று. தெற்கே திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலைத் தோட்டங்கள், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்டவை. 2028-இல் முடிய வேண்டிய குத்தகைக்கு முன்பாகவே, 2024-இல் நிறுவனம் வேலையை நிறுத்திக்கொண்டது. தலைமுறைகளாக அங்கேயே பிறந்து கொழுந்து பறித்தவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். காட்டுக்கு நடுவே இருக்கும் நிலம் காட்டுக்கே திரும்பட்டும் என்று ஒரு தரப்பு. எங்களை எங்கே திரும்பச் சொல்கிறீர்கள் என்று ஒரு தரப்பு. இவ்விவாதத்தில் யாரும் பெரிதாகக் கேட்காத கேள்வி, திரும்புவது எப்படி என்பது. கவாத்து செய்யாமல் விட்ட தேயிலை, செடியாக நிற்காமல் மரமாக உயர்ந்து இருண்ட புதராகும். சில்வர் ஓக் அப்படியே நிற்கும். அதைச் சோலையாக்க விதை பொறுக்கவும் கன்று வளர்க்கவும் களை எடுக்கவும் பல்லாண்டு ஆள் வேண்டும். அந்த மலையின் ஒவ்வொரு சரிவையும் பாதம் அறிந்தவர்கள் கீழே இறக்கப்பட்டவர்கள்தாம்.

வால்பாறையிலிருந்து திரும்பும் நாளன்று நாற்றங்கால் ஒன்றைப் பார்த்தோம். கருப்புப் பைகளில் வரிசையாகக் கன்றுகள், ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு. விதை எங்கே கிடைக்கிறது என்று மாணவி ஒருத்தி கேட்டாள். காட்டுக்குள் போய் எடுப்பதில்லை, சாலையோரத்தில் தார்மேல் விழுந்து வீணாகப் போவதைப் பொறுக்குகிறோம் என்றார் அங்கே பணிசெய்த பெண். அவர் முன்பு கொழுந்து பறித்தவராம். குங்கிலிய விதை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இத இருவாச்சி துப்புனது தம்பி" என்று அருகில் நின்ற மாணவனிடம் கொடுத்தார். அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் போனபோது திருப்பி வாங்கிக்கொண்டார்.